எரிந்தும் எரியாத பல்பு: ஓர் அளவையியல் ஆய்வு

டேஷ்போர்டில் 'பல்பு போச்சு' என்று ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தால், போனதாகச் சொல்லப்படும் பல்பு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கிறது. பொய் சொல்வது விளக்கா, விளக்கைப் பற்றிச் சொல்லும் விளக்கா? காருக்கு எல்.இ.டி. மாட்டியவர்களுக்கு எழும் இந்தக் கேள்வியைத் தத்துவத் துறைகள் ஏனோ கண்டுகொள்ளவில்லை. சென்னையில் புதுப்பேட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையுமே அந்த விவாதத்தை இதுநாள்வரை தாங்கி வந்துள்ளன. அவற்றின் பாரத்தைச் சற்றே குறைக்க முயல்கிறது இவ்வாய்வு.

முதலில் பிரமாணம். உண்மையை அறியும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று பகுத்தார்கள் அளவை நூலார். காருக்குக் கண் இல்லை, காட்சி வாய்க்காது. நாம் போடும் கூச்சல் அதற்குக் கேட்காது, உரையும் பயனில்லை. எஞ்சுவது கருதல் ஒன்றே. மலையில் புகையைக் கண்டு நெருப்பு உண்டென்று கருதுவதுபோல, வயரில் கரண்ட் ஓடுவதைக் கண்டு பல்பு உயிரோடு இருப்பதாகக் கருதுகிறது கார்.

கரண்ட் எவ்வளவு என்பதில்தான் வில்லங்கம். இண்டிகேட்டரிலும் பிரேக் விளக்கிலும் பரவலாக இருக்கும் பழைய பல்பு 21 வாட். 12 வோல்ட்டில் அது 1.75 ஆம்பியர் குடிக்கும். அதன் இடத்துக்கு வரும் எல்.இ.டி. 3 வாட் என்றால் கால் ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். பி.சி.எம். என்று மெக்கானிக்குகள் சொல்லும் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்றே முக்காலை எதிர்பார்த்திருக்க, வருவதோ கால். "ஆள் காலி" என்று அது முடிவு கட்டிவிடுகிறது.

மணிமேகலையின் 29ஆம் காதை ஏதுப்போலியை, அதாவது காரணம்போல் தோன்றும் பிழையான காரணத்தை, அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என்று மூன்றாக வகுக்கிறது. செத்த பல்பிலும் கரண்ட் குறையும், சிக்கனமான பல்பிலும் குறையும். இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் ஏதுவை வைத்து ஒரு பக்கத் தீர்ப்பு சொல்வதால், பி.சி.எம். செய்யும் பிழை ஐயத்துக்கிடமின்றி அநைகாந்திகம். சர்வீஸ் சென்டர் ஜாப் கார்டில் இந்தச் சொல்லை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

இண்டிகேட்டரின் கதை இன்னும் சுவையானது. ஐ.நா.வின் 48ஆம் எண் வாகன ஒழுங்குமுறைப்படி அது நிமிடத்துக்கு 60 முதல் 120 முறை சிமிட்ட வேண்டும். ஒரு பல்பு போய்விட்டால் ஓட்டுபவருக்குத் தெரியட்டும் என்று சிமிட்டலை இரட்டிப்பு வேகமாக்கி வைத்தார்கள். எல்.இ.டி. போட்டதும் கார் அதே பதற்றத்தில் படபடவென்று கண்ணடிக்கிறது. பழைய வண்டிகளின் வெப்ப ரிலேயோ நேர் எதிர். உள்ளே இருக்கும் உலோகப் பட்டை சூடேறி வளைந்தால்தான் சிமிட்டல். கரண்ட் போதாமல் பட்டை சூடேறாவிட்டால், விளக்கு சிமிட்ட மறந்து எரிந்துகொண்டே இருக்கும். அந்த வண்டிகளுக்கு எல்.இ.டி.க்கான எலக்ட்ரானிக் ரிலே ஒன்றை மாற்றினால் வழக்கு முடிந்தது.

புதிய வண்டிக்காரர்கள்தான் மூன்று மடங்களாகப் பிரிந்து நிற்கிறார்கள். முதலாவது ரெசிஸ்டர் மடம். 6 ஓம், 50 வாட் என்று அச்சிட்ட பொன்னிற அலுமினியக் கட்டியை பல்புக்குப் பேரலலாகக் கொடுத்துவிடுவார்கள். 12 வோல்ட்டில் அது 2 ஆம்பியர் இழுக்கும். கார் மனம் குளிரும். கணக்கு போட்டுப் பாருங்கள்: ரெசிஸ்டருக்கு 24 வாட், எல்.இ.டி.க்கு 3, ஆக 27. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கப் புறப்பட்டவர், 21 வாட் தின்ற பல்பைத் தூக்கி எறிந்துவிட்டு 27 வாட் செலவழிக்கிறார். அந்த 24 வாட்டும் வெறும் சூடாகவே போகிறது. பிரேக்கை மிதித்தபடி நெடுநேரம் சிக்னலில் நின்றால் கட்டி கையைச் சுடும், பக்கத்துப் பிளாஸ்டிக்கை உருக்கும். ஆகவே வெறும் இரும்புத் தகட்டில் திருகித்தான் பொருத்த வேண்டும். டேப்பால் சுற்றித் தொங்கவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய ஊழல் ஒன்றை இம்மடத்தார் வெளியே சொல்வதில்லை. நாளை அந்த எல்.இ.டி. நிஜமாகவே செத்துப்போனாலும் ரெசிஸ்டர் தன் 2 ஆம்பியரைக் குடித்துக்கொண்டே இருக்கும். கார் சர்வமும் நலம் என்று சொல்லும். இருப்பவனைச் செத்தான் என்ற கார், இப்போது செத்தவனை இருக்கிறான் என்கிறது. கருதல் அளவைக்கு இதைவிட அவமானம் வேறில்லை.

இரண்டாவது கேன்பஸ் மடம். ரெசிஸ்டரை பல்புக்குள்ளேயே ஒளித்து விற்கிறார்கள். சூடும் உள்ளேயே தங்கும்; எல்.இ.டி.க்கு ஆகாத ஒன்று உண்டென்றால் அது சூடுதான். மூன்றாவது மடத்தார் எச்சரிக்கை விளக்கின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறார்கள். இவர்களோடு வாதிட ஆய்வாளனுக்குத் தெம்பில்லை.

மடம் புகுமுன் எதிர்மறைச் சோதனை ஒன்று செய்க. பழைய பல்பைத் திரும்ப மாட்டுங்கள். எச்சரிக்கை மறைந்தால் குற்றவாளி எல்.இ.டி.தான். மறையாவிட்டால் ஹோல்டரில் துரு பிடித்திருக்கலாம், எர்த் வயர் தளர்ந்திருக்கலாம். எல்.இ.டி. அறவே எரியவில்லை என்றால், கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். பழைய பல்புக்கு இல்லாத பிளஸ், மைனஸ் பேதம் அதற்கு உண்டு. விளக்கை அணைத்த பிறகும் அது மினுக்கினால் பேய் பிசாசு ஏதுமில்லை. பல்பு இருக்கிறதா என்று சில கார்கள் அவ்வப்போது ஒரு துளி மின்சாரம் அனுப்பிப் பார்க்கும். பழைய இழைக்கு அது உறைக்காது, எல்.இ.டி.க்கு அதுவே போதும்.

தீர்ப்பு இது. கார் உள்ளே இருக்கும் விளக்குக்குத் தாராளமாக எல்.இ.டி. போடுங்கள், பல வண்டிகளில் அதை யாரும் வேவு பார்ப்பதில்லை. இண்டிகேட்டருக்கும் பிரேக்குக்கும், கம்பெனியிலிருந்தே எல்.இ.டி.யோடு வந்த வண்டி தவிர மற்றவற்றுக்கு, 21 வாட் பழைய பல்பே இருந்துவிட்டுப் போகட்டும்.