வரியும் வளவும்

எங்கள் வீடு ரெண்டு கட்டு, தூணெல்லாம் பர்மா தேக்கு. வருமானமோ சீப்புச் சீடை விற்பதுதான். ஏழை என்று சொல்லி வீட்டு வரியைக் குறைக்கச் சொல்லலாமா?
— கண்டனூர் வாசகி

சொல்லலாம் ஆச்சி. ஆனால், அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு சொல்லாதீர்கள்!

நம் சொத்து வரி அடுப்படியை எட்டிப் பார்ப்பதில்லை. சதுர அடியைத்தான் பார்க்கும். 2022 வரி உயர்வில் பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் இருந்த வீட்டுக்கு 25 சதவீதம், 1,800ஐத் தாண்டியதற்கு 100 சதவீதம். பட்டாலையே 600ஐத் தொடும் ஊரில் நீங்கள் ஏழையாவது எப்படி? கைக்கு எட்டும் சலுகை ஒன்று உண்டு: அரையாண்டு வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் கழிவு, அதிகபட்சம் 5,000 ரூபாய். சீடை ரெண்டு படி கூடப் போடுங்கள்.

வெளிநாட்டில் ஏழைக்கு வீட்டு வரி குறைப்பார்களாமே?
— காரைக்குடி வாசகர்

இங்கிலாந்தில் குறைப்பார்கள். வருமானம் குறைந்தவர் விண்ணப்பித்தால் கவுன்சில் வரியில் சலுகை. வீட்டில் ஒரே ஒரு பெரியவர் என்றால் 25 சதவீதம் தள்ளுபடி. அது இங்கே வந்தால் செட்டிநாட்டில் பாதி வீடு தேறும். மீதிப் பாதியில் அந்த ஒருவரும் இல்லை, பூட்டுதான்!

நிதியமைச்சராக இருந்த ப.சிதம்பரம் ஓட்டுப் போடுவதே கண்டனூரில்தான். அவரிடம் கேட்டால் என்ன?
— புதுவயல் வாசகர்

மத்திய பட்ஜெட்டில் உங்கள் வீட்டு வரி வராதே! அளவு தப்பாக ஏறியிருந்தால் பேரூராட்சி செயல் அலுவலருக்கு மனு எழுதுங்கள். தெருவிளக்குக்குக் காசு தேடுகிறவரும் அவர்தான்.