காற்புள்ளிக்கு உரை காணல்

மூலநூல் ஒன்று, அதற்கு உரை வேறொன்று என்பது தமிழில் பழைய ஏற்பாடு. ஏட்டுச்சுவடியில் நிறுத்தக்குறி கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி கிடையாது. மெய்யெழுத்தின் தலையில் புள்ளிகூடப் பெரும்பாலும் கிடையாது. எங்கே பிரித்துப் படிப்பது என்று சொல்ல உரையாசிரியர் வேண்டியிருந்தார். இன்று அலுவலக மின்னஞ்சலில் வந்து இறங்கும், மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி கோப்பிலோ நிறுத்தக்குறி ஏராளம். அதனாலேயே அதற்கும் உரையாசிரியர் வேண்டியிருக்கிறது. அவ்வுரையாசிரியர்களுள் பெருவழக்குடைய, பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தின் ‘ரீட் சிஎஸ்வி’யை முதன்மையாகக் கொண்டு, காற்புள்ளியை எங்கே கொள்வது, எங்கே தள்ளுவது என்று ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூல் வரலாறு. காற்புள்ளியிட்டுத் தரவைக் கணினிக்கு ஊட்டும் வழக்கம் 1972 வாக்கிலேயே ஐபிஎம்மின் ஃபோர்ட்ரானில் உண்டு. அதற்கான இலக்கணம் ஆர்எஃப்சி 4180 என்ற பெயரில் வெளிவந்தது 2005 அக்டோபரில். இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்பதால் இந்தக் காலத்தாழ்வைக் குறை சொல்வதற்கில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. தான் எந்தத் தரத்தையும் விதிக்கவில்லை, தகவலுக்காக மட்டுமே வெளிவருகிறேன் என்று அந்த ஆவணம் தொடக்கத்திலேயே கைகழுவிவிடுகிறது. பாயிரத்திலேயே பதவி விலகிய இலக்கணம் இது ஒன்றுதான்.

விதிகள் ஏழு. சாரம் இரண்டு. புலத்துக்குள், அதாவது ஒரு மதிப்புக்குரிய இடத்துக்குள், காற்புள்ளியோ வரி முறிவோ வந்தால் புலம் முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். உள்ளே மேற்கோளே வந்துவிட்டால் அதை இரட்டிக்க வேண்டும். தன்னொற்று இரட்டுவதைப் பள்ளியில் படித்தவர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை.

இனிப் பொருள்கோள். நன்னூலார் எட்டு வகை சொன்னார். அவற்றுள் மூன்றை அவர் சிஎஸ்விக்கென்றே வகுத்தாரோ என ஐயுற இடமுண்டு. தலைப்பு வரியில் பெயர்களை அடுக்கி, அடுத்த வரிகளில் மதிப்புகளை அதே வரிசையில் அடுக்கி, ஒன்றோடொன்று பொருத்திக்கொள்ளச் சொல்வது நிரனிறை. வரிகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் பொருள் கெடாதிருப்பது அடிமறிமாற்று. மேலிருந்து கீழாகத் திரும்பிப் பாராமல் படித்துச் செல்வது யாற்றுநீர். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டினர், அவர் கோப்பு எதையும் கண்டிருக்க வாய்ப்பில்லை என்பாரும் உளர். காணாமலே இவ்வளவு சரியாகச் சொன்னார் என்பது எம் துணிபு.

இக்கோட்பாடு முதலில் முட்டிக்கொள்ளும் இடம் முகவரி. ‘புதிய எண் 12, பழைய எண் 7, வடக்கு மாட வீதி, மயிலாப்பூர்’ என்பது மனிதர்க்கு ஒரு புலம். மேற்கோள் இல்லையென்றால் கருவிக்கு நான்கு. அஞ்சல் குறியீட்டு நிரலில் வடக்கு மாட வீதி வந்து உட்கார்ந்துகொள்ளும். தலைப்பைவிடக் கூடுதலான புலங்கள் இடையில் ஒரு வரியில் வந்தால், பாண்டாஸ் இத்தனை எதிர்பார்த்தேன், இத்தனை கண்டேன் என்று வரி எண்ணோடு சொல்லி நின்றுவிடும். நேர்மையான நடத்தை. தரவின் முதல் வரியிலேயே கூடுதல் இருந்தால்தான் வினை. முன்னால் உள்ள நிரல்களைச் சுட்டெண் என்று தானே பொருள்கொண்டு, வாய் திறக்காமல் மற்றவற்றைத் தள்ளி உட்கார வைத்துவிடும். இவ்வாறு பிறந்த அறிக்கைகள் எத்தனை கையொப்பம் பெற்றிருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது.

நிற்கும் கருவியை நகர்த்த ‘ஆன் பேட் லைன்ஸ்’ என்றோர் ஆப்ஷன் 2021இல் 1.3ஆம் பதிப்பில் வந்தது. அதற்கு ‘ஸ்கிப்’ என்று கொடுத்தால் பிழைபட்ட வரிகள் ஓசையின்றி மறையும். புரியாத பாட்டை இடைச்செருகல் என்று தீர்மானித்துப் பதிப்பிலிருந்தே எடுத்துவிடும் பதிப்பாசிரியர் மரபு இது. ‘வார்ன்’ என்பது அடிக்குறிப்பு எழுதிவிட்டு எடுப்பது. இரண்டில் பின்னதே பண்புடையது.

மேற்கோள் இட்டும் கெடுவதுண்டு. அது எவ்வாறெனின், காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விடுவது நல்ல தட்டச்சர் இயல்பு. ஆனால் மேற்கோள் புலத்தின் முதல் எழுத்தாக நின்றால்தான் கருவி அதை மேற்கோளென்று மதிக்கும். முன்னே ஓர் இடைவெளி நின்றால் அது வெறும் எழுத்து; உள்ளேயுள்ள காற்புள்ளிகள் மறுபடி கத்தியாகிவிடும். ‘ஸ்கிப் இனிஷியல் ஸ்பேஸ்’ என்பதை இயக்கினால் தீரும். நல்ல பழக்கத்துக்குத் தண்டனையும் அதற்கு மன்னிப்பும் ஒரே கருவியில் கிடைக்கின்றன.

எண்களின் வழக்கு இன்னும் பெரிது. ஒன்றேகால் லட்சத்தை 1,25,000 என்று எழுதுகிறோம். மேற்கோள் இல்லாவிடில் அது ஒன்று, இருபத்தைந்து, பூச்சியம் என மூன்று புலமாகச் சிதறும். மேற்கோள் இருந்தால் எண்ணாகாமல் சொல்லாக நிற்கும். ‘தௌசண்ட்ஸ்’ என்ற ஆப்ஷனில் காற்புள்ளியைக் காட்டிக் கொடுத்தால்தான் எண்ணாகும். பெயர் ஆயிரம் என்றிருந்தாலும் லட்சத்தையும் கோடியையும் அது வேறுபாடின்றி ஏற்கும். ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் தசமத்துக்கே காற்புள்ளி இடுபவர்கள். ஆகவே அவர்கள் ஊர் எக்செல் அரைப்புள்ளியால் பிரித்து, அதற்கும் சிஎஸ்வி என்றே பெயர் வைக்கும். காற்புள்ளியால் பிரிக்காத காற்புள்ளிக் கோப்பு. ஆர் மொழியினர் இதற்கு ‘ரீட் சிஎஸ்வி2’ என்று தனி உரையே எழுதிவிட்டார்கள்.

ஓர் இடைப்பிறவரல். ஆஸ்கி அட்டவணையில் காற்புள்ளியின் எண் 44. சென்னையின் எஸ்டிடி குறியீடு 044. ஆணை இல்லாவிட்டால் கருவி அதை எண்ணென்று கொண்டு முன் பூச்சியத்தை விழுங்கும். சென்னையும் காற்புள்ளியும் ஒன்றாகும். இவ்வொப்புமை இதுவரை ஆய்வுலகின் கண்ணில் பட்டதாகத் தெரியவில்லை.

அதே அட்டவணையில் 28 முதல் 31 வரை நான்கு குறிகள் தரவைப் பிரிப்பதற்கென்றே 1960களில் ஒதுக்கப்பட்டன. கோப்புக்கு ஒன்று, தொகுதிக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, புலத்துக்கு ஒன்று. முகவரியிலோ தொகையிலோ அவை ஒருநாளும் வரா. விசைப்பலகையில் அவற்றுக்குப் பொத்தான் இல்லை. அவ்வளவுதான், உலகம் காற்புள்ளிக்குப் போய்விட்டது.

எக்செல்லைத் தனியே குறிப்பிடாவிட்டால் ஆய்வு முழுமையாகாது. பொது வடிவில் பன்னிரண்டு இலக்க எண்ணைக் கண்டதும் அதை அடுக்குக் குறியீட்டில் சுருக்கிக் காட்டும். ஆதார் எண் பன்னிரண்டு இலக்கம். கண்ணுக்குத் தெரிவதையே சிஎஸ்வியாகச் சேமிக்கும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது. பதினாறு இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூச்சியமாகும். ‘மார்ச்1’ என்ற மரபணுவின் பெயரை அது தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்களை வகுக்கும் குழு 2020இல் ‘மார்ச்எஃப்1’ என்று பெயரையே மாற்றியது. உரைப் பிழைக்கு இணங்கி மூலத்தைத் திருத்திய நிகழ்ச்சி உலக இலக்கியத்தில் வேறில்லை.

தமிழில் உள்ள கோப்புக்கு இன்னொரு துன்பம். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே. இரண்டாவது இரண்டில் ஒன்று. இதை எக்செல் பழைய விண்டோஸ் குறியேற்றமாக எண்ணித் திறந்தால், தலையில் சாய்கோடு போட்ட ஒரே ரோமன் எழுத்து வரி முழுக்க அடிக்கடி வரும். பொருள் போய்விடுகிறது, மோனை மட்டும் தப்புகிறது. மருந்து, கோப்பின் தலையில் பிஓஎம் என்ற மூன்று பைட்டை வைப்பது. அதைக் காப்புச் செய்யுள் எனலாம். எக்செல் அதைக் கண்டு தமிழைத் தமிழாகக் காட்டும். பாண்டாஸும் அறிந்து ஒதுக்கிவிடும். பைத்தானின் சொந்த சிஎஸ்வி தொகுதியிலோ, குறியேற்றத்தை ‘யூடிஎஃப்-8-சிக்’ என்று சொல்லாவிட்டால், காப்பு முதல் நிரலின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ‘மாவட்டம்’ என்ற நிரல் கண்ணெதிரே இருக்கும். தேடினால் அப்படி ஒன்று இல்லை என்ற பதில் வரும்.

மாவட்டம் என்றதும் நினைவுக்கு வருவது: தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். கோப்பில் 39 இருக்கும். அதிக மக்கள்தொகை உடைய முப்பத்தொன்பதாவது மாவட்டத்தின் பெயர் ‘மொத்தம்’. தலையில் உள்ள அலங்கார வரிகளை ‘ஸ்கிப் ரோஸ்’ கொண்டும், காலில் உள்ள மொத்தத்தை ‘ஸ்கிப் ஃபூட்டர்’ கொண்டும் நீக்கலாம். பின்னதற்குப் பாண்டாஸின் விரைவான சி இயந்திரம் உடன்படாது. மெதுவான பைத்தான் இயந்திரம்தான் ஓடும். நமீபியாவின் நிலை இதைவிட மோசம். அந்நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு ‘என்ஏ’. இயல்புநிலையில் பாண்டாஸ் அதை மதிப்பு இல்லை என்று படிக்கும். ஒரு நாடு முழுதும் வெற்றிடமாகும். ‘கீப் டீஃபால்ட் என்ஏ’ என்பதை அணைத்தால் நாடு திரும்பக் கிடைக்கும்.

‘ரீட் சிஎஸ்வி’க்கு ஆப்ஷன்கள் ஐம்பதை ஒட்டி இருக்கின்றன. கருவிகள் தாமே ஊகிக்கட்டுமே என்பது பிற்காலக் கொள்கை. பைத்தானில் ‘ஸ்னிஃபர்’ முகர்ந்து பார்த்துச் சொல்லும். டக்டிபி என்ற தரவுத்தளம் இயல்பாக 20,480 வரிகளை மாதிரியாகப் பார்த்து முடிவெடுக்கும். ஊகம் பெரும்பாலும் பலிக்கிறது. பலிக்காத அன்று அது உங்களிடம் சொல்வதில்லை என்பதால் யாம் பழைய கட்சியே: எல்லா நிரலையும் முதலில் ‘டிடைப்’ வழியே வெறும் எழுத்தாகப் படி, பிறகு எண்ணாக வேண்டியதை ஒவ்வொன்றாக எண்ணாக்கு. தேதியை நாள் முதலாகப் படிக்க ‘டே ஃபர்ஸ்ட்’ என்று வெளிப்படச் சொல். இல்லையேல் ஏப்ரல் 3 மார்ச் 4 ஆகும்.

உரையாசிரியர் எவ்வளவு திறமுடையவராயினும் மூலம் கெட்டிருந்தால் என்ன செய்வார்? ஆகவே கோப்பு அனுப்புவோர்க்கு ஒரு விண்ணப்பம். முகவரியை மேற்கோளுக்குள் வையுங்கள். தொகையில் காற்புள்ளி வேண்டாம். மொத்தம் வரியை எடுத்துவிடுங்கள், கூட்டிக்கொள்ள எங்களுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அனுப்புவதற்கு முன் சரியாக இருக்கிறதா என்று எக்செல்லில் திறந்து பார்த்துவிட்டுச் சேமிக்காதீர்கள்.