பத்துக்குள் இடம்பிடிப்பது எப்படி?

கே: எங்கள் ஊருக்கு ரோடு, சமுதாயக் கூடம் எல்லாம் வேண்டும். அரசிடம் நிதி வாங்க என்ன வழி?
— ஒரு வாசகர், மீமிசல்

ப: 2022 ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் 234 எம்.எல்.ஏ.க்களுக்கும் கடிதம் போட்டார்: தொகுதியின் தலையாய பத்துக் கோரிக்கைகளைக் கலெக்டரிடம் கொடுங்கள் என்று. உங்கள் அறந்தாங்கி தொகுதியோ நகராட்சியில் தொடங்கிக் கடற்கரை வரை கிடக்கிறது. அந்தப் பத்தில் மீமிசல் நுழைவது, தீபாவளிக்கு முதல் நாள் பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிப்பது மாதிரி. எம்.எல்.ஏ. நிதி ஆண்டுக்கு 3 கோடி; அங்கேயும் இதே தள்ளுமுள்ளுதான்.

'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை ஊர் போட்டால் மிச்சத்தை அரசு போடும். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். திறப்பு விழா ஃப்ளெக்ஸில் படம் போடுவதாகச் சொன்னால் பணம் இன்னும் சீக்கிரம் வரும்.

எதற்கும் கிராம சபைத் தீர்மானம் கையில் இருக்கட்டும். தீர்மானத்தில் 'ஊர் வளர்ச்சி' என்று எழுதாதீர்கள். எந்தத் தெரு, எத்தனை மீட்டர் என்று எழுதவையுங்கள். முக்கியமாக, எழுதி முடித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போட்டால், நீங்கள் கேட்காத தெருவுக்கு ரோடு வந்துவிடும்!