எட்டுப் பேருக்கு ஏழு காலியிடம்

சதுரங்கத்தில் சிப்பாய்க்குப் பின்வாங்கும் உரிமை கிடையாது. வெட்டுப்படாமல் ஆறு வரிசை ஏறிக் கடைசிக் கட்டத்தை மிதித்தால் பதவி உயர்வு உண்டு. இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு ஐரோப்பியர்கள் அடித்த கூத்தைப் பார்த்தால், நம் தாலுகா ஆபீஸ்கள் எவ்வளவோ தேவலாம்.

பழைய ஆட்டத்தில் தகராறே இல்லை. ராஜா பக்கத்தில் நின்றது ராணியல்ல, மந்திரி. குறுக்கே ஒரு கட்டம் நகர்ந்துவிட்டு மூச்சு வாங்குகிற மனிதர். கரையேறிய சிப்பாய்க்குக் கிடைத்த அந்தப் பதவிக்கு யார் அடித்துக்கொள்வார்கள்? ஐரோப்பாவுக்குப் போன மந்திரி அங்கே ராணியானார். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் பலகை முழுக்கப் பாயும் பலமும் ராணிக்கு வந்து சேர்ந்தது. சிப்பாய்க்கு அடித்தது யோகம். ராஜாவுக்கு இரண்டு பெண்டாட்டியா என்று பெரியவர்கள் மோவாயில் கைவைத்தார்கள்.

அந்தச் சங்கடம் ஃபிலிடோருக்கும் இருந்தது. பிரான்சுக்காரர், ஆப்பராவுக்கு இசையமைப்பவர். 1749இல், இருபத்திரண்டு வயதில், சதுரங்க நூல் எழுதினார். சிப்பாய்தான் ஆட்டத்தின் உயிர் என்று அதில் தூக்கிவைத்தார். அதே கையால் ஒரு நிபந்தனையும் போட்டார்: தன் பக்கத்தில் எந்தக் காய் வெட்டுப்பட்டதோ, அந்த இடத்துக்குத்தான் சிப்பாய் போகலாம். அதாவது, கருணை அடிப்படையில் வேலை. வீட்டில் ஒரு சாவு விழவேண்டும்.

யாரும் சாகவில்லையென்றால்? சிப்பாய் கடைசிக் கட்டத்தில் மனுவும் கையுமாக நிற்கவேண்டியதுதான். எதிரியைத் தாண்டி வந்தவன், சொந்த யானை எப்போது விழும் என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கணக்கு இதைவிடக் கொடுமை. ராஜாவை விட்டால் ராணி 1, யானை 2, பிஷப் 2, குதிரை 2. ஆக, ஏழு நாற்காலி. சிப்பாய்கள் எட்டு. குடும்பமே கூண்டோடு போய், எட்டுப் பேரும் கரையேறினாலும் ஒருவன் வராந்தாவில்தான். 1790 பதிப்புவரை ஃபிலிடோர் இதை மாற்றவில்லை. ரஷ்யாவிலும் ஸ்காண்டிநேவியாவிலும் இந்த விதி இன்னும் உயிரோடிருப்பதாக 1847இல்கூட சதுரங்க நூலாசிரியர் ஸ்டாண்டன் எழுதினார்.

பிறகு வரம்பு எல்லா இடத்திலும் போனது. கணக்கும் கட்டவிழ்த்துக்கொண்டது. ஒரு பக்கத்துக்கு ஒன்பது ராணிவரை வைத்துக்கொள்ளலாம். யானை, குதிரை, பிஷப் என்றால் பத்து. எட்டுச் சிப்பாய்களும் பதவியேற்றால் இலாகா பிரிக்க 165 வழி.

இரு தரப்புப் பதினாறு பேரும் கரையேற முடியுமா? முடியும். ஒவ்வொரு நெடுக்கு வரிசையிலும் ஒரு வெள்ளையும் ஒரு கறுப்பும் சந்தில் சிக்கிய இரண்டு பஸ் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று எதையாவது வெட்டிப் பக்கத்துச் சந்துக்கு ஒதுங்கினால்தான் வழி. எட்டுச் சந்து, குறைந்தது எட்டு வெட்டு. ராஜாக்களைத் தவிர்த்த 14 பெரிய காய்களில் எட்டைப் பலிகொடுத்தாலும் ஆறு மிஞ்சும். அவற்றில் பழைய ராணிகள் இருவரும் இருந்தால், பலகையில் மொத்தம் 18 ராணிகள். மாமியார் மருமகள் சண்டைக்கு அறுபத்துநாலு கட்டம் போதுமா தெரியவில்லை.

1862இல் பிரிட்டிஷ் சதுரங்கச் சங்கம் இன்னொரு புதுமை செய்தது. சிப்பாய் விரும்பினால் சிப்பாயாகவே இருக்கலாமாம். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பழைய சீட்டிலேயே உட்காரும் ஆசாமிகள் நம்மிடமும் உண்டு. முதல் உலகச் சாம்பியன் ஸ்டைனிட்ஸ் 1889இல் இந்த விதியை ஆதரித்தே எழுதினார்.

இப்போது விதியில் தட்டுப்பாடு இல்லை, மரக்காயில்தான் தட்டுப்பாடு. 2017 கனடா சாம்பியன்ஷிப்பின் பட்டத்தை முடிவு செய்யும் அதிவேக ஆட்டம். நிகோலாய் நோரிட்சினின் சிப்பாய் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. கைக்கு எட்டும் தூரத்தில் ராணிக் காயைக் காணோம். அவசரத்தில் ஒரு யானையைக் கவிழ்த்துவைத்து ராணி என்றார். நடுவர் ஒப்பவில்லை. பட்டம் எதிராளிக்குப் போனது.

தலைகீழாக நின்றாலும் யானை யானைதான்.