அண்ணன் இன்னும் முடிவெடுக்கவில்லை

ஆரன் ராட்ஜர்ஸைப் பற்றிப் பேசிப் பேசி அலுத்துவிட்டது என்று என் பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் ஒன்றரை மணி நேரம் பேசினார். குப்பைத்தொட்டியைத் தெருவோரம் வைக்கத்தான் இருவரும் வெளியே வந்திருந்தோம். டிவியைப் போட்டால் ராட்ஜர்ஸ், பேப்பரைப் பிரித்தால் ராட்ஜர்ஸ், இந்தக் கிழவனை விட்டால் நாட்டில் வேறு செய்தியே கிடையாதா என்று கேட்டார். கேட்டவருக்கு அப்போது வயது அறுபத்தெட்டு. கிழவனுக்கு நாற்பத்தொன்று.

நான் இருப்பது நியூ ஜெர்ஸியில், எடிசன் பக்கம். அவர் ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர், விவரம் தெரிந்த நாளிலிருந்து நியூ யார்க் ஜெட்ஸ் ரசிகர். (பெயரில் நியூ யார்க் இருந்தாலும் ஜெட்ஸ் ஆடுவது நியூ ஜெர்ஸியில்தான். அந்த வருத்தம் தனி.) ஜெட்ஸ் சூப்பர் பௌல் (சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டம்) ஜெயித்தது 1969 ஜனவரியில், மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு ஆறு மாதம் முன்னால். அதற்கப்புறம் இன்றுவரை இல்லை. இப்படிப்பட்ட அணிக்கு ரசிகராக இருப்பவர் எதைப் பேசினாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. இங்கே ஃபுட்பாலில் காலுக்கு வேலை கொஞ்சம், கைக்குத்தான் அதிகம். அணியின் பதினொரு பேரில் ஒருவர் குவார்ட்டர்பேக், ராட்ஜர்ஸின் வேலை அதுதான். ஒவ்வொரு முறையும் பந்து அவர் கைக்கு வரும், யாருக்கு எறிவது என்று அவர் இரண்டு மூன்று விநாடிக்குள் தீர்மானிக்க வேண்டும். அதற்குள் எதிரணியிலிருந்து நூற்றிருபது கிலோ ஆள்கள் அவரைச் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள். மூன்று விநாடியில் முடிவெடுப்பதற்காகவே கோடிகோடியாகச் சம்பளம் வாங்கும் இந்த மனிதர்கள், நாற்பதை நெருங்கியதும் அடுத்த வருடம் ஆடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள்.

டிவிக்காரர்களுக்குச் சோறு போடுவது அந்த ஆறு மாதம்தான். லீக் ஆட்டங்கள் செப்டம்பரில் தொடங்கி ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். ஓர் அணிக்குப் பதினேழு ஆட்டம். பிப்ரவரியில் சூப்பர் பௌல். பிறகு செப்டம்பர் வரை மைதானத்தில் புல் வளர்வதைத் தவிர ஒன்றும் நடக்காது, ஆனால் விளையாட்டுச் சானல்கள் மூடிவிட்டுப் போக முடியாது. ஆடப்போகிறவரைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவது? ஆடுவாரா என்று தெரியாதவரைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம்.

இந்தக் கலைக்கு ஆதிகுரு பிரெட் ஃபார்வ். அவரைப் பற்றிச் சொல்ல என் அத்தானை விட்டால் ஆள் இல்லை. அத்தான் திருநெல்வேலிக்காரர். பல வருடங்களுக்கு முன்பு வேலைக்காக மினியாபொலிஸ் போனார், குளிருக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து டிவி பார்த்து மினசோட்டா வைக்கிங்ஸ் ரசிகரானார்.

ஃபார்வ் கிரீன் பே பேக்கர்ஸுக்குப் பதினாறு சீசன் ஆடியவர். 1995, 96, 97 என்று வரிசையாக மூன்று வருடம் எம்.வி.பி., அதாவது லீக்கின் சிறந்த ஆட்டக்காரர். 2008 மார்ச்சில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, பேச முடியாமல் தொண்டை அடைத்து அழுது, ஓய்வு பெற்றார். ஊரே கூட அழுதது. ஜூலையில் திரும்ப வரட்டுமா என்று கேட்டார். அழுதவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் இடத்துக்கென்று மூன்று வருடமாக பெஞ்சில் உட்காரவைத்திருந்த இளைஞனைப் பேக்கர்ஸ் ஏற்கெனவே எழுப்பிவிட்டிருந்தது. (அந்த இளைஞன் பெயர் ஆரன் ராட்ஜர்ஸ். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.) ஆகஸ்டில் ஃபார்வை ஜெட்ஸுக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த வருட மேடன் வீடியோ கேமின் அட்டையில், ஓய்வு பெற்ற பெரியவர் என்ற மரியாதையில், பேக்கர்ஸ் சட்டையோடு அவர் படத்தை அச்சடித்து வைத்திருந்தார்கள். கேம் கடைக்கு வந்தபோது அவர் ஜெட்ஸ் ஆட்டக்காரர்.

ஜெட்ஸில் முதல் பதினொரு ஆட்டத்தில் எட்டு வெற்றி. என் பக்கத்து வீட்டுக்காரர் நாலாம் நம்பர் ஃபார்வ் சட்டை வாங்கினார். கடைசி ஐந்தில் நாலு தோல்வி. அந்தச் சட்டையை இன்றும் புல்வெட்டும்போது போட்டுக்கொள்கிறார், முதுகில் இரண்டு எழுத்து உதிர்ந்துபோயிருக்கிறது. 2009 பிப்ரவரியில் ஃபார்வ் மறுபடி ஓய்வு பெற்றார். ஆகஸ்டில் மறுபடி வந்தார், இந்த முறை அத்தானுடைய வைக்கிங்ஸுக்கு.

“மாப்ள, அன்னைக்கு ஆபீஸ்ல ஒரு பய வேலை பாக்கல கேட்டியா,” என்பார் அத்தான். “ஏர்போர்ட்லேர்ந்து அவரைக் கூட்டிட்டு வாற வண்டியை ஹெலிகாப்டர்ல போய் படம் எடுக்கானுவ. மேலேர்ந்து பாத்தா என்ன தெரியும்? வண்டிக் கூரை தெரியும். அது ரோட்டுல போவுது. திரும்புது. அதுக்கு ரெண்டு பேரு வர்ணனை!” வண்டியை ஓட்டியவர் வைக்கிங்ஸின் பயிற்சியாளர் பிராட் சில்ட்ரெஸ். தலைமைப் பயிற்சியாளரே டிரைவராகப் போன கதையை அத்தான் சொல்லும்போது, அதில் பெருமை எவ்வளவு, அவமானம் எவ்வளவு என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

ஆனால் ஒன்று. அந்த வருடம் ஊதியதெல்லாம் உண்மையாகிவிட்டது. நாற்பது வயதில் ஃபார்வ் 33 டச்டவுன் (இங்கத்திய கோல் என்று வைத்துக்கொள்ளுங்கள்) எறிந்தார், எதிராளி கையில் போய் விழுந்தது ஏழே ஏழு. ரசிகர்களைக் கெடுத்தது அந்த சீசன்தான் என்பது என் கட்சி. நூறு முறை புளுகி ஒரு முறை பலித்தால் போதும், அடுத்த நூறுக்கும் ஜனங்கள் வாயைப் பிளந்து காத்திருப்பார்கள். 2010 ஜனவரியில், நியூ ஆர்லியன்ஸில், ஜெயித்தால் சூப்பர் பௌல் என்ற ஆட்டத்தில், சமநிலையில் கடைசி விநாடிகளில், சில கெஜம் ஓடி விழுந்திருந்தால் போதும் என்ற இடத்தில், நம்மாள் ஓடிக்கொண்டே உடம்புக்குக் குறுக்காக ஒரு பந்தை எறிந்தார். டிரேசி போர்ட்டர் பிடித்துக்கொண்டார். கூடுதல் நேரத்தில் 31-28 என்று செயின்ட்ஸ் ஜெயித்தது. அத்தான் வீட்டில் இந்தப் பத்தியை யாரும் உரக்கப் படிக்க வேண்டாம்.

அடுத்த ஆகஸ்டில் அவர் வருவாரா என்ற வழக்கமான திருவிழா. வைக்கிங்ஸ் ஆட்டக்காரர்கள் மூன்று பேர் விமானமேறி மிசிசிப்பிக்கே போய்க் கையோடு கூட்டிவந்தார்கள். “அதுல ஒருத்தன் கிக்கர். பந்தை உதைக்கவனுக்கு அங்க என்ன சோலி?” என்பது அத்தானின் தீராத சந்தேகம். வந்தவர் அந்த வருடம் எறிந்த டச்டவுன் 11, எதிராளிக்குத் தாரைவார்த்தது 19. டிசம்பரில் பனியின் கனம் தாங்காமல் மைதானத்தின் கூரையே கிழிந்து இறங்கியது. டெட்ராய்ட்டுக்கு மாற்றி வைத்த அந்த ஆட்டத்தில் ஃபார்வால் இறங்க முடியவில்லை. விடாமல் தொடர்ந்து 297 ஆட்டம் தொடங்கிய சாதனை அங்கே நின்றது.

இந்த நாடகத்தை ஜெட்ஸ் ரசிகர்கள் ஒரு முறை பார்த்தவர்கள். அதனால் 2023-இல் உஷாராக இருந்திருப்பார்கள் என்று நினைப்பீர்கள்.

அந்த பிப்ரவரியில் ராட்ஜர்ஸ், ஆடுவதா வேண்டாமா என்று யோசிக்க, ஆரிகனில் ஓர் இருட்டறைக்குள் நான்கு நாள் போய் உட்கார்ந்தார். துளி வெளிச்சம் கிடையாது. அதற்குக் கட்டணமும் உண்டு. அத்தான் போனில் கூப்பிட்டார். “மாப்ள, நம்ம ஊர்ல கரண்ட் கட்டு இருந்தப்ப எங்க அம்மா தெனமும் இதைத்தான செஞ்சா? அவகிட்ட யாராச்சும் மைக்கை நீட்டுனானா?” இருட்டுக்குள் போகும்போது நூற்றுக்குத் தொண்ணூறு ஓய்வு என்ற எண்ணத்தில்தான் இருந்தாராம், அவரே சொன்னார். வெளியே வந்தவர் ஜெட்ஸ் என்றார்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டாம் நம்பர் சட்டை வாங்கினார். அணியின் பயிற்சி முகாமை ஹெச்.பி.ஓ. தொடராக எடுத்தது. முக்கிய நேர ஆட்டங்களை ஜெட்ஸுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். செப்டம்பர் 11 இரவு, அவர் வீட்டு சோபாவில் நானும் இருந்தேன். ராட்ஜர்ஸ் அமெரிக்கக் கொடியை ஏந்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தபோது பக்கத்து வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சிப்ஸ் பாக்கெட்டை என்னிடம் நீட்டினார். நான் பிரிப்பதற்குள், அந்த அணிக்காக ராட்ஜர்ஸ் ஆடிய நாலாவது பிளேயில், பஃபலோ பில்ஸின் லெனர்ட் ஃப்ளாயிட் அவரைச் சாய்த்தார். ராட்ஜர்ஸ் எழுந்தார். நின்றார். பிறகு தானாகவே தரையில் உட்கார்ந்தார். குதிகால் தசைநாண் அறுந்துவிட்டிருந்தது. சீசன் முடிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையின் உள்பக்கம் கையை விட்டு, இன்னும் கிழிக்காமல் தொங்கிக்கொண்டிருந்த விலைச்சீட்டைத் தடவிப் பார்த்தார். பில் எங்கே என்று உள்ளே குரல் கொடுத்தார்.

வேடிக்கை என்னவென்றால் அந்த ஆட்டத்தை ஜெட்ஸ் ஜெயித்தது. சேவியர் கிப்ஸன் என்ற புதுப் பையன் கூடுதல் நேரத்தில் 65 கெஜம் ஓடி ஜெயித்துக் கொடுத்தான். மறுநாள் டிவியில் அவன் வந்தது கொசுறாக. மற்ற நேரமெல்லாம் ராட்ஜர்ஸின் கெண்டைக்கால், மெதுவாக, பெரிதாக்கி, திரும்பத் திரும்ப. அப்புறம் டிசம்பருக்குள் குணமாகித் திரும்புவாரா என்று மூன்று மாதம். திரும்பவில்லை. 2024-இல் முழு சீசனும் ஆடினார். ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. ஐந்தாவது ஆட்டத்தோடு பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சீசன் முடிந்ததும் ராட்ஜர்ஸையும்.

2025 மே மாதம், மெமோரியல் டே அன்று, அத்தான் குடும்பத்தோடு வந்திருந்தார். பக்கத்து வீட்டுக் கொல்லையில் கோழி வாட்டினார்கள். ராட்ஜர்ஸ் மார்ச்சிலேயே பிட்ஸ்பர்க் போய்ச் சில மணி நேரம் இருந்துவிட்டு வந்திருந்தார், ஆனால் அண்ணன் இன்னும் முடிவெடுக்கவில்லை. மார்ச்சில் வைக்கிங்ஸ் பெயரும் அடிபட்டதால் அத்தான் ஏற்கெனவே ஒரு சுற்று நடுங்கி முடித்திருந்தார். பேக்கர்ஸ், ஜெட்ஸ், வைக்கிங்ஸ் என்று ஃபார்வ் போன தடத்திலேயே சீடனும் போகப்போகிறான் என்று நாடே ஆவலாக இருந்தது.

கொல்லைப்புற டிவியில் நாலு பேர் மேஜை போட்டு அதைத்தான் அலசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் டிவிக்காரன் செய்கிற வேலை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நீங்கள் பார்ப்பதால்தானே அவன் காட்டுகிறான் என்றார் அத்தான். நான் எங்கே பார்க்கிறேன் என்று அவர் சொன்னபோது அவர் கட்டைவிரல் ரிமோட்டின் மியூட் பொத்தான் மேல் இருந்தது. கவனித்துக்கொண்டே இருந்தேன். கடைசிவரை அழுத்தவில்லை. கோழியைத் திருப்பிப் போட எழுந்தபோது சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுத்தான் போனார். முன்கூட்டியே திட்டி வைத்துவிடுவதில் ரசிகனுக்கு ஒரு வசதி இருக்கிறது. வந்தவன் ஜெயித்தால் சந்தோஷம், தோற்றால் நான் அப்போதே சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பேச்சு டாம் பிரேடி பக்கம் போனது. 2022 பிப்ரவரியில் ஓய்வு பெற்று நாற்பதே நாளில் திரும்பியவர். அவர் எறிந்த கடைசி டச்டவுன் பந்து என்று ஒன்றை ஒருவர் 5 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலம் எடுத்தார், ஏலம் முடிந்த கையோடு பிரேடி திரும்பி வருவதாக அறிவித்தார். கடைசிப் பந்து வெறும் பந்தாகிவிட்டது. வயதானால் கௌரவமாக ஒதுங்கத் தெரிய வேண்டும், அமெரிக்காக்காரனுக்கு அது தெரியவில்லை என்று அத்தான் என்னிடம் தமிழில் தீர்ப்பு வழங்கினார்.

“அப்போ தோனி?” என்றான் அக்கா மகன். பதினேழு வயது.

முந்தின நாள்தான் அகமதாபாத்தில் சென்னையின் கடைசி ஆட்டம். அணி பட்டியலில் கடைசி இடம். அடுத்த வருடம் ஆடுவீர்களா என்று கேட்டதற்கு, முடிவெடுக்க நாலைந்து மாதம் இருக்கிறது, அவசரமில்லை என்று தோனி சொல்லியிருந்தார். காலையில் எழுந்து காபிகூடக் குடிக்காமல் அதைப் பார்த்தவர் அத்தான்.

“அது வேற டே.”

“எப்படி வேற?”

“வேறன்னா வேற. கோழியைத் தின்னு.”

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள். யார் அது தோனி என்று பக்கத்து வீட்டுக்காரர் விசாரித்தார். பையன் விளக்கினான். பெரிய ஆள், வயது நாற்பத்துமூன்று, நெருக்கடியில் பதறமாட்டார், முட்டி கொஞ்சம் தகராறு, ஓய்வைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. அவர் ஆர்வமாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்து கேட்டார்: “ஜெட்ஸுக்கு வருவாரா?”

ஜூனில் ராட்ஜர்ஸ் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸில் கையெழுத்துப் போட்டார். அட்டவணை போட்டவர்களின் குறும்பு, செப்டம்பர் 7-ஆம் தேதி முதல் ஆட்டமே ஜெட்ஸுக்கு எதிராக, நியூ ஜெர்ஸியில். நாலு டச்டவுன் எறிந்தார். 34-32 என்று ஸ்டீலர்ஸ் ஜெயித்தது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் எட்டாம் நம்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு புல்வெட்டினார். நாலாம் நம்பருக்குப் பதவி உயர்வா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் அவரே கூப்பிட்டார். ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஃபார்வ் ஜெட்ஸுக்கு வந்தது 2008, வயது 38. ராட்ஜர்ஸ் வந்தது 2023, வயது 39. நடுவில் பதினைந்து வருடம். இப்போது பேக்கர்ஸில் ஜோர்டன் லவ், ராட்ஜர்ஸுக்குப் பின்னால் மூன்று வருடம் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர். 2023-உடன் பதினைந்தைக் கூட்டினால் 2038. லவ் பிறந்தது 1998 நவம்பர். அந்தக் கோடையில் அவருக்கு வயது 39.

இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இன்னொரு தரம் பார்க்க என்னால் முடியாது, எனக்கு அப்போது எண்பத்தொன்று என்றார். டிவிக்காரர்கள் இப்போதே ஆரம்பித்தாலும் ஆரம்பித்துவிடுவார்கள் என்று திட்டினார். பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். லவ் என்ன நம்பர் என்று கேட்டார்.

“பத்து.”

அதற்குள் கொஞ்சம் இளைத்துவிடுவேன், லார்ஜ் போதும் என்றார்.