நைட்டிக்கு மேல் துப்பட்டா

கேள்வி: வீட்டிலிருந்தே வேலை. நைட்டிதான் சுகம்; வீடியோ கால் வந்தால் மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொள்கிறேன். வசதியாகவும் மரியாதையாகவும் வேறென்ன உடுத்தலாம்? – வாசகி, கோவை

பதில்: அந்தத் துப்பட்டா பால்காரருக்குப் போதும், மேலாளருக்குப் போதாது! முழங்கால் வரை ஒரு குர்தா, கீழே தளர்வான பலாஸோ போதும். ஆனால் இடுப்பில் நாடா வேண்டாம். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு அது இறுக்கும். அகலமான எலாஸ்டிக் வைத்ததாகப் பாருங்கள். கைத்தறிப் பருத்தி வியர்வையை உறிஞ்சும், ஆனால் சீக்கிரம் கசங்கும். இஸ்திரி போட நேரமில்லை என்றால் பின்னலாடை வாங்குங்கள். நூலை வளையம் வளையமாகப் பின்னுவதால் உடலோடு நீண்டு கொடுக்கும், அவ்வளவாகக் கசங்காது. திருப்பூர் உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே!

கேமராவுக்கும் சில பிடிவாதங்கள் உண்டு. நெருக்கமான கோடுகளும் பொடிக் கட்டங்களும் திரையில் அலை அலையாக நெளியும்; எதிரே இருப்பவருக்குக் கண் வலிக்கும். பளீர் வெள்ளை அணிந்தால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து முகத்தை இருட்டாக்கிவிடும். மயில்நீலம், அரக்கு போன்ற ஒற்றை நிறங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும், உங்கள் முகத்துக்கும் எடுப்பாக இருக்கும்.

வீட்டில் யாராவது மேலே சட்டை, கீழே லுங்கி என்று மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தால், சார்ஜர் எடுக்க எழும் முன் கேமராவை அணைக்கச் சொல்லுங்கள்.