சிவப்பு விளக்கே பிரமாணம்

மகா கனம் பொருந்திய வெந்நீர்க் கொதிகலன் கம்பெனியின் வாடிக்கையாளர் குறைதீர்ப்பு இலாகா அதிபர் அவர்கள் சமுகத்துக்கு, தேயிலைத் தோட்ட ஆபீஸில் 32 வருஷம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவனும், தங்கள் 15 லிட்டர் கீசர் ஒன்றின் பாத்தியஸ்தனும், இந்த மார்கழியில் 11 நாட்களாகத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாதவனுமாகிய அடியேன், வால்பாறையிலிருந்து எழுதிக்கொள்ளும் விண்ணப்பம்.

தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, ஐந்து நட்சத்திரம் அளித்து மகிழ்விக்கவும் என்று நேற்றுக் காலை என் கைபேசிக்குத் தாங்கள் அனுப்பிய செய்தியை நான் படித்தபோது, என் ஒரு கை குளியலறைக் குழாயின் கீழே இருந்தது. அந்தக் கை விறைத்துப்போயிருந்த காரணத்தால், நட்சத்திரங்களை அழுத்தும் பாக்கியம் எனக்குக் கிட்டவில்லை. இந்தத் தாமதத்தை அவமரியாதையாகக் கொள்ளாமல் க்ஷமிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். சுவிட்சைப் போட்டால் கீசரின் வயிற்றில் சிவப்பு விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடுவதில்லை. தொலைபேசியில் தங்கள் பிரதிநிதியான ஒரு பெண் மிகுந்த விநயத்துடன், "சார், ரெட் லைட் எரியுதா சார்?" என்று கேட்டார். எரிகிறது என்றேன். "அப்ப ஹீட்டர் வொர்க் ஆகுது சார்" என்றார். தண்ணீர் ஐஸாக இருக்கிறதே அம்மா என்றேன். "உங்க ஊர்ல குளிர் ஜாஸ்தி சார், அதனால அப்படித் தெரியும். ஊட்டியிலயும் இதே மாடல்தான், அங்க கம்ப்ளைன்ட் இல்ல சார்" என்றார்.

தர்க்க சாஸ்திரம் பிரத்தியட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என்று நான்கு பிரமாணங்களைச் சொல்லுகிறது. தங்கள் இலாகா ஊட்டியைக் காட்டி உபமானத்தையும், விளக்கைக் காட்டி அனுமானத்தையும், அந்தப் பெண்ணின் இனிய குரலால் சப்தத்தையும் ஏக காலத்தில் நிரூபித்துவிட்டு, என் தோலுக்கு நேரும் பிரத்தியட்சத்தை மட்டும் தள்ளிவிட்டிருப்பதைக் கண்டு வியந்தேன். மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டென்று அறிக என்பதுதானே அந்த சாஸ்திரம் அனுமானத்துக்குக் காட்டும் பிரசித்தமான திருஷ்டாந்தம்! அதை வகுத்தவர் வால்பாறைக்கு வந்திருக்க மாட்டார். இங்கே மலையெங்கும் புகைபோலத் தெரிவது மூடுபனி. அதை நம்பி நெருப்புக் காயப் போனவன் நனைந்துதான் திரும்புவான். தங்கள் சிவப்பு விளக்கும் அந்த ஜாதியைச் சேர்ந்தது என்பது என் சந்தேகம்.

சந்தேகத்தைக் கணக்கால் தீர்த்துக்கொள்வது என் தொழிற்பழக்கம். கீசரின் சக்தி 2 கிலோவாட். 16 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்கு ஏற்ற அதற்கு 23 நிமிஷம் போதும். மின்னழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து 180-க்கு இறங்கிவிட்டதென்றே வைத்துக்கொண்டாலும், சூடு அழுத்தத்தின் வர்க்கத்தை அனுசரித்துக் குறைவதால், 38 நிமிஷம் ஆகலாம். நான் காத்திருந்தது இரண்டு மணி நேரம். அவ்வளவு நேரமும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த என்னை நோக்கி என் மனைவி, "ஏனுங்க, அந்த லைட்டத் தொட்டுத் தொட்டு ஒத்தடம் குடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

அன்றிரவு ஒரு பரீக்ஷை செய்தேன். வீட்டிலுள்ள விளக்குகளையும் குளிர்பெட்டியையும் அணைத்துவிட்டு, டார்ச்சுடன் மீட்டர்முன் நின்றேன். அந்த மீட்டரின் நெற்றியில் ஒரு சிறு சிவப்பு விளக்கு இருக்கிறது. ஒரு யூனிட் செலவானால் அது 3200 தடவை கண் சிமிட்டும் என்று அதன் முகத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அப்படியானால் 2 கிலோவாட் கீசர் ஓடும்போது நிமிஷத்துக்கு 107 தடவை சிமிட்ட வேண்டும். கீசரைப் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒரு தடவைகூடச் சிமிட்டவில்லை. மீட்டரின் மேலும் குற்றம் இருக்கலாமே என்று, கீசரை நிறுத்திவிட்டு இஸ்திரிப் பெட்டியைச் செருகினேன். 1000 வாட்டுக்கு உரிய நியாயப்படி நிமிஷத்துக்கு ஐம்பதும் சில்லறையுமாக அது மளமளவென்று சிமிட்டிற்று. இலை எடை போடும் தராசைத் தினமும் படிக்கல் வைத்துச் சரிபார்த்தவனுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியதில்லை.

மறுநாள் எங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தம்பி வந்தார். மூடியைக் கழற்றினால் தங்கள் உத்தரவாதம் ரத்தாகிவிடும் என்று அவருக்கும் தெரியும். ஆகையால் பிளக்கைப் பிடுங்கி, அதன் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தார். "காயில் நல்லா இருந்தா 26 ஓம் பக்கம் காட்டோணுமுங்க சார். ஒண்ணுமே காட்டல. காயில் போயிருக்கோணும், இல்லீனா கட்-அவுட் விழுந்திருக்கோணும். லைட்டுக்குக் கரண்டு வேற வழியில போகுதுங்க" என்றார். ஆக, அந்த விளக்கு அறிவிப்பது மின்சாரம் வாசல்வரை வந்துவிட்டது என்பதை மட்டும். உள்ளே போயிற்றா என்பது அதன் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.

தாங்கள் அனுப்பிய டெக்னீஷியனைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகளைப் பஸ்ஸில் கடந்து, வயிற்றில் ஒன்றும் தங்காத நிலையில் வந்து இறங்கிய அந்தப் பிள்ளைக்கு என் மனைவி இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொடுத்தாள். சற்றுத் தெளிந்ததும் கீசரை நிமிர்ந்து பார்த்தார்; விளக்கைப் படம் எடுத்தார்; கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். கடின நீரால் உப்புப் படிந்திருக்கக்கூடும் என்று அவர் எழுதி வைத்த குறிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் மிக அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லார் எங்களுக்கு வெகு தூரமில்லை. பாறையில் விழுந்து ஓடையில் ஓடி வரும் இந்தத் தண்ணீரில் சோப்பு நுரை போகத்தான் நேரமாகிறதே தவிர, உப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் எங்கள் மலையில் உள்ள உறவு தங்களுக்குத் தெரியாததல்ல. கடம்பாறை மின் நிலையத்தில், மிச்ச மின்சாரம் கிடைக்கும் நேரத்தில் கீழே கிடக்கும் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும் நேரத்தில் அதைக் கீழே விட்டு, பூமிக்கடியில் நான்கு இயந்திரங்களைச் சுழற்றி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். மின்சாரத்தால் தண்ணீரையும் தண்ணீரால் மின்சாரத்தையும் மாறி மாறி வேலை வாங்குகிற மலையில், 15 லிட்டரைச் சூடாக்கும் வித்தை மட்டும் சித்திக்காமல் நிற்கிறது.

ஆகவே, பரணிலிருந்த செப்பு அண்டா இறங்கிவிட்டது. கவாத்துக் குச்சிகளை அடுப்பில் திணித்து, கழுத்துக்குக் கீழே மட்டும் போதுமான வெந்நீர் வைக்கிறோம். அண்டாவில் விளக்கு கிடையாது. முதலில் அடியில் சின்னச் சின்ன முத்துக்கள் எழும். பிறகு ஒரு முனகல் கேட்கும். பிறகு ஆவி வரும். எங்கள் தோட்டத்து டீ மேக்கரும் ட்ரையரின் முள்ளைப் பார்த்த பிற்பாடு இலையைக் கையில் அள்ளி முகர்ந்து பார்க்காமல் ஒருநாளும் திருப்தி அடைந்ததில்லை. தாங்கள் ஐ.எஸ். 2082 முத்திரை பெற்ற கருவியை விற்பவர்கள். இந்தப் பட்டிக்காட்டுப் பரீக்ஷைகளை ஏற்பீர்களென்று நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும், தங்கள் கேள்விப் பட்டியலில் விளக்கு எரிகிறதா என்பதற்கு அடுத்தபடியாக, தண்ணீர் சுடுகிறதா என்ற கேள்வியையும் ஓர் ஓரத்தில் சேர்த்துக்கொள்ளக் கருணை புரிய வேண்டும். காயிலோ கட்-அவுட்டோ, அதையும் அனுப்பிவைத்தால் நலம்.

இங்கே சிவப்பு விளக்கின்மேல் யாருக்கும் துவேஷம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். யானைகள் பக்கத்தில் நிற்கின்றன என்று எச்சரிப்பதற்காக, நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் ஆட்கள் கைபேசியால் இயக்கும் சிவப்பு விளக்குகளைத் தோட்டங்களில் மேடான இடம் பார்த்து நட்டிருக்கிறார்கள். இந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஆனந்த குமாருக்கு 2015-இல் விட்லி விருதும் கிடைத்தது. அந்த விளக்கு எரிந்தால் யானை இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு நிற்பார்கள். எரியும் விளக்கில் யானை எங்கே என்று போய்த் தடவிப் பார்த்தவரை நான் கண்டதில்லை.

இக்கடிதத்தை இன்றைய தபாலிலேயே சேர்த்துவிட உத்தேசித்திருந்தேன். சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மேட்டு விளக்கு எரிந்துகொண்டிருந்ததால், உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டேன். நாளைக் காலையில் அது அணைந்திருந்தால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள,
தலைக்குக் குளியாத வாடிக்கையாளன்